வாய் திறக்காத பிள்ளைக்குப் பங்கேற்பு மதிப்பெண் போடுவது எப்படி? கடற்கரைப் பள்ளிக்குப் புதிதாக வரும் ஆசிரியர்களுக்கு

நான் பரமக்குடிக்கு மேற்கே, கடலே தெரியாத ஊரில் வளர்ந்தவள். சமூக அறிவியல் ஆசிரியையாக மண்டபம் பக்கம் ஒரு பள்ளிக்கு வந்த முதல் வருடம், ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்திக்கு வகுப்புப் பங்கேற்புக்கு என்று பத்துக்கு 3 போட்டேன். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை அவள் ஒருநாள்கூடக் கை தூக்கவில்லை. அதனால் 3. எனக்கு அப்போது அது நியாயமாகத்தான் பட்டது.

நாலு நாள் கழித்துப் பருவக்காற்றுப் பாடம். தென்மேற்குப் பருவக்காற்று எப்போது வீசும் என்று கேட்டேன். வழக்கமான நாலு கை எழுந்தது, வழக்கமான பதில் வந்தது: "ஜூன் முதல் செப்டம்பர் வரை டீச்சர்." அந்த நேரம் பார்த்துக் கரும்பலகை ஓரத்து ஜன்னல் படாரென்று அடித்தது. மேசை முழுக்க மணல். சாத்தப் போனேன், நிற்கவில்லை. அந்தப் பிள்ளை எழுந்து வந்து கொக்கியை மாட்டினாள்.

"சும்மா சாத்துனா நிக்காது டீச்சர். கச்சான் அடிக்குதுல்ல."

"கச்சான்னா என்ன?"

"இந்தக் காத்துதான் டீச்சர். இது அடிக்கிற வரைக்கும் தெக்குக் கடல் கெடந்து கொந்தளிக்கும். அம்மா வடக்குக் கடலுக்குத்தான் கடல்பாசி எடுக்கப் போவாங்க. வாடை தொடங்குனா மாறிரும்."

மண்டபத்துக்குத் தெற்கிலும் வடக்கிலும் கடல். கச்சான் என்றால் தென்மேற்குக் காற்று, வாடை வடகிழக்குக் காற்று. பாடத்தில் நான் இரண்டு நாள் நடத்தவிருந்ததை ஜன்னல் கொக்கியைப் பிடித்தபடி சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் 3 போட்டது அவளுடைய பங்கேற்புக்கு இல்லை, அவளுடைய தொண்டைக்கு. அதற்குப் பிறகு இரண்டு வருடம் தப்பும் தவறுமாகச் செய்துபார்த்து ஒரு முறையை வைத்திருக்கிறேன். நீங்கள் அந்த இரண்டு வருடத்தை மிச்சப்படுத்திக்கொள்ளலாம்.

1. எந்த மதிப்பெண் என்று முதலில் தெளிவாகுங்கள்

ஆறு, ஏழாம் வகுப்பில் ஒரு பருவத்துக்கு 100 மதிப்பெண். அதில் தொகுத்தறி (பருவ முடிவுத் தேர்வு) 60, வளரறி (பருவம் நடக்கும்போதே போடுவது) 40. இந்த வளரறி, (அ) 20, (ஆ) 20 என்று பிரியும். (ஆ) சிறு தேர்வுகள், அதில் உங்கள் கைச்சரக்குக்கு இடமில்லை. செயல்பாடுகளுக்கான (அ) பகுதியில்தான் "வகுப்பில் கலந்துகொண்டான், கலந்துகொள்ளவில்லை" என்ற நம் அபிப்பிராயம் மெல்ல நுழைகிறது. கூச்சப் பிள்ளைக்கு அடி விழுவது இங்கேதான்.

பிளஸ் டூ எடுப்பவர்களுக்கு இவ்வளவு தலைவலி இல்லை. அங்கே அகமதிப்பீடு மொத்தமே 10: வருகைக்கு 2, உள்தேர்வுக்கு 4, ஒப்படைவு அல்லது செயல்திட்டத்துக்கு 2, கல்வி இணைச் செயல்பாட்டுக்கு 2. வாய்க்கு என்று தனிக் கட்டமே கிடையாது. இருந்தும் "அவ பேசவே மாட்டா" என்று ஒப்படைவில் அரை மதிப்பெண் குறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். குறைக்காதீர்கள்.

மொழிப்பாட ஆசிரியர்களுக்கு ஒரு விலக்கு. பேசும் திறனையே அளக்கும் செயல்பாடு என்றால் பிள்ளை பேசித்தான் ஆகவேண்டும், எழுதிக் கொடுத்துத் தப்பிக்க முடியாது. ஆனால் 38 பேர் முன்னால் பேசவேண்டும் என்று யார் சொன்னது? வராந்தாவில் தனியாக இரண்டு நிமிடம் கேளுங்கள். ஒரு நாளைக்கு நாலு பேர் என்றால் பத்து வேலைநாளில் வகுப்பே முடிந்துவிடும்.

2. ஜூன் மாதம்: யார் பேசவில்லை, ஏன் பேசவில்லை

முதல் இரண்டு வாரம் மதிப்பெண்ணே போடாதீர்கள். பட்டியலை எடுத்துவைத்து, பேசாத பெயர்களுக்கு நேராகப் பென்சிலில் புள்ளி மட்டும் வையுங்கள். பெற்றோரைப் பார்க்கவும் இதுதான் நல்ல சமயம். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகுக்குப் போகிற அப்பாக்கள் பள்ளி திறக்கும்போது கரையில்தான் இருப்பார்கள், வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டு. தடை முடிந்துவிட்டால் பிறகு பிடிக்க முடியாது. (கையில் காசு இல்லாத மாதமும் அதுதான். நோட்டுப் பட்டியலை நீட்டாமல் போய்ப் பாருங்கள்.)

பேசாததற்குக் காரணங்கள் பல. நான் பார்த்தவற்றைச் சொல்கிறேன்.

வீட்டுப் பேச்சு. மண்டபம் இலங்கை அகதிகள் முகாமிலிருந்து வரும் பிள்ளை "விளங்கேல்ல டீச்சர்" என்று சொன்னதும் பின்பெஞ்சு சிரிக்கிறது. "வாப்பா சொன்னாங்க" என்று பெரியபட்டினத்துப் பிள்ளை சொன்னால் அதற்கும் ஒரு சிரிப்பு. சிரிப்பவர்களை அடக்குவது எளிது. நான் செய்தது அதைவிட மோசம். "காத்து" என்று சொன்ன பையனைப் பாதி வாக்கியத்தில் நிறுத்தி, "காற்று என்று சொல்" என்று திருத்தினேன். அவன் திருத்திச் சொன்னான். அதோடு அந்த மாதம் முழுக்க வாயைத் திறக்கவில்லை. உச்சரிப்பைத் திருத்த வேறு நேரம் இருக்கிறது.

தூக்கம். ராமேஸ்வரத்தில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று முறை வைத்துக் கடலுக்குப் போகும், மறுநாள் காலையில் கரைக்கு வரும். செவ்வாய், வியாழன் முதல் பாடவேளையில் சில பிள்ளைகள் கண் திறந்தபடி தூங்குவது அதனால்தான். நாட்டுப்படகு வீடுகளுக்கு வேறு கணக்கு, பாசிக்குப் போகும் அம்மாக்களுக்கு வற்று வெள்ளம் (கடல் வற்றுவதும் ஏறுவதும்) பார்த்து வேறு கணக்கு. உங்கள் ஊர்க் கணக்கை ஒரு பிள்ளையிடம் கேட்டாலே சொல்லிவிடும். கேட்டு, பாடவேளை அட்டவணையிலேயே குறித்து வையுங்கள். அந்த நாட்களில் பங்கேற்பு பார்க்க வேண்டாம்.

வீட்டில் துக்கம். எல்லை தாண்டியதாக அப்பாவைப் பிடித்து யாழ்ப்பாணத்தில் வைத்திருக்கிறார்கள் என்றால், அந்தப் பிள்ளையின் கட்டத்தை அவர் வீடு வந்து சேரும்வரை காலியாக விடுங்கள். இதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

காது. இதைக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன்.

இவை எதுவும் இல்லாமல், பிறவியிலேயே பேச்சுக் குறைந்த பிள்ளைகளும் உண்டு. அவர்களைச் சரிசெய்யப் புறப்படாதீர்கள். அங்கே ஒன்றும் பழுதாகவில்லை.

3. பத்து மதிப்பெண்ணை உடையுங்கள்

இதுதான் முக்கியமான படி. "பங்கேற்பு: 10" என்று ஒரே கட்டமாக வைத்தால், கடைசியில் நினைவில் நிற்பது சத்தம் போட்டவன் முகம்தான். நான் உடைத்திருப்பது இப்படி:

ஆயத்தமாக வந்தது (புத்தகம், முந்தைய நாள் சொன்ன சின்ன வேலை): 1
சீட்டில் (வகுப்பு முடிவில் எழுதித் தரும் துண்டுத் தாள்) எழுதியது: 3
பக்கத்தில் இருப்பவரோடு பேசியது: 2
கேட்டது, அதாவது இன்னொருவர் சொன்னதைத் தன் சொல்லில் திருப்பிச் சொன்னது அல்லது எழுதியது: 2
வகுப்பு முழுவதுக்கும் சொன்னது: 2

கணக்குப் போட்டுப் பாருங்கள். வகுப்பு முன்னால் ஒரு சொல்கூடப் பேசாத பிள்ளை 8 வாங்கலாம். எல்லாக் கேள்விக்கும் முந்திக்கொண்டு கத்துகிறவன், அடுத்தவர் சொல்வதைக் கேட்காவிட்டால், அவனும் 8-க்கு மேல் போக முடியாது. இதற்கு என் அறையிலேயே எதிர்ப்பு வந்தது. "நல்லாப் பேசுற பிள்ளைய அமுக்குறீங்களே" என்றார் மூத்த ஆசிரியர் ஒருவர். அமுக்கவில்லை, அவனுக்கும் கேட்கக் கற்றுக்கொள்ள ஒரு காரணம் கொடுத்திருக்கிறேன்.

வகுப்பு முன் பேசுவதை ஏன் 0 ஆக்கவில்லை என்று கேட்பீர்கள். ஆக்கினால் பிள்ளைகள் அந்தப் பக்கமே போகமாட்டார்கள். இரண்டு மதிப்பெண் ஆசை காட்டும், ஆனால் பயமுறுத்தாது.

இந்தப் பிரிவை ஒரு சார்ட்டில் எழுதித் தலைமை ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கி, ஜூன் மூன்றாம் வாரத்துக்குள் வகுப்பில் ஒட்டிவிடுங்கள். பருவத்தின் நடுவில் விதியை மாற்றக் கூடாது. ஆய்வுக்கு வருகிறவர் "பேசாத பிள்ளைக்கு எப்படி 8?" என்று கேட்டால் கையைக் காட்ட ஒரு சுவர் இருக்கும். 2009-ஆம் ஆண்டு கட்டாயக் கல்விச் சட்டத்தின் 29-ஆவது பிரிவையும் நினைவில் வையுங்கள். குழந்தை பயமில்லாமல் தன் கருத்தைச் சொல்ல உதவவேண்டும் என்று அதில் இருக்கிறது.

4. வாங்க வேண்டியவை

கோடு போட்ட நீள நோட்டு ஒன்று, ஐஸ் குச்சி ஒரு கட்டு, மார்க்கர் ஒன்று. போன வருடம் எனக்கு 130 ரூபாய் ஆனது. சீட்டுக்குத் தாள் வாங்காதீர்கள். அலுவலகத்தில் ஒரு பக்கம் அச்சடித்துக் கழித்த தாளை நாலாகக் கிழித்தால் போதும். பிஸ்கட் டப்பா இரண்டு. வகுப்புப் பட்டியலை எமிஸிலிருந்து (மாணவர் விவரமும் மதிப்பெண்ணும் ஏற்றும் கல்வித்துறை இணையதளம்) எடுத்து நோட்டில் ஒட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெயரையும் கையால் எழுதினால் வரிசை மாறி, பிறகு ஏற்றும்போது ஒருத்தி மதிப்பெண் இன்னொருத்திக்குப் போகும். எனக்குப் போயிருக்கிறது.

5. நாற்பது நிமிடத்தில் செய்வது

38 பேர், 40 நிமிடம். ஆளுக்கு ஒரு நிமிடம் கொடுத்தாலே மணி அடித்துவிடும். ஆகவே எல்லோரும் எல்லா நாளும் பேசவேண்டும் என்ற ஆசையை முதலிலேயே விட்டுவிடுங்கள்.

கேள்வியைக் கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடுங்கள். இது நம் தொழிலில் ரொம்பக் கஷ்டமான வேலை. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை வைத்துக் கணக்கெடுத்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் காத்திருந்தது சராசரியாக ஒரு நொடிதான். அதை 3 நொடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, தாமாகச் சொல்ல வருகிறவர்களும் கூடினார்கள். நான் மேசைக்கு அடியில் விரல் மடக்கி ஐந்து எண்ணுகிறேன். முதல் வாரம் அந்த ஐந்து நொடி அரைமணி நேரமாகத் தெரியும்.

கை தூக்குவதற்கு முன் எழுதச் சொல்லுங்கள். எல்லோரும், ஒரு வரி, ஒரு நிமிடம். பிறகு பக்கத்தாளிடம் சொல்லச் சொல்லுங்கள், ஒன்றரை நிமிடம். இந்த நேரத்தில் நீங்கள் நடக்கவேண்டும். கூச்சப் பிள்ளை பேசும் சத்தம் அப்போதுதான் காதில் விழும். முன்னால் நின்றபடியே இருந்தால் ஜன்மத்துக்கும் விழாது. அதுவும் கச்சான் அடிக்கிற மாதங்களில் மூன்றாவது பெஞ்சுக்கு அப்பால் எதுவும் கேட்காது.

அதன்பிறகுதான் ஐஸ் குச்சி. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், டப்பாவில் கைவிட்டு எடுப்பது. எடுத்த எடுப்பில் இதை ஆரம்பித்தால் கூச்சப் பிள்ளைக்கு வயிற்றைக் கலக்கும். எழுதி, பக்கத்தாளிடம் சொல்லிப் பார்த்த பிறகு என்றால் சொல்லத் தயாராக ஒரு வாக்கியம் இருக்கும். இரண்டு சலுகையும் கொடுங்கள்: "எம் பக்கத்துல உள்ளவ சொன்னதச் சொல்றேன்" என்று சொல்லலாம், "அடுத்த தடவ சொல்றேன் டீச்சர்" என்றும் சொல்லலாம். இரண்டாவதைச் சொன்னால் குச்சி மறுபடி டப்பாவுக்குள் போகும், மதிப்பெண் குறையாது.

கடைசி நாலு நிமிடம் சீட்டு. பெயர் எழுதி, இன்று புரிந்தது ஒன்று அல்லது புரியாத கேள்வி ஒன்று. மழைமறைவுப் பகுதி நடத்திய அன்று ஒரு பையன் எழுதியதை இன்னும் வைத்திருக்கிறேன்: "மலைக்கு அந்தப் பக்கம் மழை நின்னுருதுன்னா நமக்கு ஐப்பசில மட்டும் ஏன் இப்படி ஊத்துது? அது வேற மழையா?" எழுத்துப்பிழை ஐந்து. சீட்டுக்கு மூன்றுக்கு மூன்று. மறுநாள் பெயர் சொல்லாமல் அந்தக் கேள்வியை வைத்தே வடகிழக்குப் பருவக்காற்றை ஆரம்பித்தேன். அவன் காது மடல் சிவந்ததை நான் மட்டும் பார்த்தேன்.

சீட்டுகளைப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒன்றுக்கு 20 நொடி, 38-க்கு 13 நிமிடம். வாரத்தில் இரண்டு நாள் போதும். தினமும் வைத்தால் உங்களுக்கும் சலிக்கும், பிள்ளைகளும் "புரிந்தது" என்று ஒரே சொல்லை எழுதித் தருவார்கள்.

6. அன்றன்றைக்கு எழுதுங்கள்

ஒரு நாளைக்கு ஐந்து பிள்ளைகளை மட்டும் கவனியுங்கள். எந்த ஐவர் என்று வகுப்புக்குச் சொல்லவேண்டாம். எட்டு வேலைநாளில் ஒரு சுற்று வந்துவிடும், பருவத்துக்கு ஆறேழு சுற்று கிடைக்கும். நோட்டில் எழுத்துக்குறி போதும்: பக்கத்தாளிடம் பேசினால் "ப", கேட்டுத் திருப்பிச் சொன்னால் "கே", சீட்டு "சீ", வகுப்பு முன் சொன்னால் "வ".

மணி அடித்ததும், அடுத்த வகுப்புக்குப் போகும் முன், நின்றபடியே எழுதிவிடுங்கள். இரண்டு நிமிடம். சாயங்காலம் எழுதலாம் என்று வைத்தால் நினைவில் இருப்பது சத்தக்காரர்கள் மட்டும்.

இங்கே ஒரு குழி. வராத நாளைப் பூஜ்ஜியமாக எண்ணிவிடுவோம். வரவில்லை என்றால் வட்டம் போடுங்கள், அந்தச் சுற்றையே கணக்கில் சேர்க்காதீர்கள். வருகைக்குத் தனிப் பதிவேடு இருக்கிறது. ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனை வேண்டாம்.

7. செய்யவே கூடாதவை

"வாயில என்ன கொழுக்கட்டையா?" இந்தக் கேள்வியை நாமெல்லோரும் கேட்டு வளர்ந்தோம், அதனால் வாயில் தானாக வரும். நிறுத்திக்கொள்ளுங்கள். கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு அடிப்பதை மட்டும் தடுக்கவில்லை, மனத்தை நோகடிப்பதையும் தடுக்கிறது.

கூச்சம் போகட்டும் என்று வகுப்புத் தலைவி ஆக்காதீர்கள், காலை வழிபாட்டில் திருக்குறள் சொல்ல ஏற்றாதீர்கள். கேட்டுக்கொண்டு வந்தால் ஏற்றுங்கள்.

முதல்முறை பேசியதும் "எல்லாரும் கை தட்டுங்க" என்காதீர்கள். நான் தட்டவைத்தேன். அந்தப் பிள்ளை மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை. சாதாரணமாகத் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.

பாவம் என்று எல்லாப் பேசாத பிள்ளைக்கும் 6 போட்டு வைப்பதும் நியாயமில்லை. அது கவனிக்கவில்லை என்பதற்கு நீங்களே போடும் கையெழுத்து.

பங்கேற்பு மதிப்பெண்ணை வகுப்பில் வாசிக்காதீர்கள். நோட்டைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் தனித்தனியாக, ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள்: "சீட்டுல மூணும் வாங்கிட்ட. பக்கத்துல உள்ளவகிட்டச் சொல்றத இன்னும் கொஞ்சம் சொல்லு." போதும்.

8. இது கூச்சம் இல்லையோ என்று தோன்றினால்

ஒரு பையனை இரண்டு மாதம் கூச்சக்காரன் என்றே வைத்திருந்தேன். அவனுக்கு இடது காது கேட்கவில்லை, நான் நிற்பதும் எப்போதும் இடது பக்கம்தான். பின்னால் நின்று மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். காதில் சீழ் வடிகிறதா, நீங்கள் பேசும்போது உதட்டையே பார்க்கிறதா என்று கவனியுங்கள். அரசு, உதவிபெறும் பள்ளிகளுக்கு வருடத்துக்கு ஒருமுறை நடமாடும் மருத்துவக் குழு வரும். அவர்கள் வரும் நாளுக்கு முன்பே பெயர்ப் பட்டியலைத் தயாராக வையுங்கள். வந்தபிறகு யோசித்தால் பாதிப் பெயர் விட்டுப்போகும். குழு வந்துபோயிருந்தால் காத்திருக்காமல் ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

திக்கிப் பேசும் பிள்ளைக்கு வாக்கியத்தை நீங்கள் முடித்துக் கொடுக்காதீர்கள். வீட்டில் வாய் ஓயாமல் பேசுகிற பிள்ளை, பள்ளியில் மட்டும் ஒரு மாதத்துக்கு மேலாக ஒரு சொல்லும் பேசவில்லை என்றால் அது வேறு வகை, மதிப்பெண்ணால் தீராது. வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள், தலைமை ஆசிரியர் மூலமாக எழுதிக் கேளுங்கள். கல்வித்துறையின் 14417 உதவி எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம்.

அதுவரை அந்தப் பிள்ளைக்குச் சீட்டும் எழுத்தும் மட்டும் வைத்து மதிப்பிடுங்கள். ஏன் அப்படி என்று நோட்டில் தேதியோடு ஒரு வரி எழுதிவையுங்கள்.

9. மதிப்பெண் ஏற்றும் வாரம்

முதல் பருவத்துக்குக் காலாண்டுத் தேர்வு தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே வளரறி (அ) கணக்கை முடித்துவிடுங்கள். தேர்வு ஆரம்பித்தால் விடைத்தாள் குவியும், பங்கேற்பு மதிப்பெண் இரவு பதினொரு மணிக்கு யூகத்தில் விழும். முடித்ததும், குறைந்த மதிப்பெண் வாங்கிய ஐந்து பேரை மட்டும் எடுத்து நோட்டோடு ஒப்பிடுங்கள். அவர்களுக்கு எத்தனை சுற்றில் வாய்ப்பு வந்தது? இரண்டுக்குக் கீழே என்றால் தவறு உங்களுடையது, அந்த வாரமே இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள். ஜன்னல் கொக்கிப் பிள்ளையின் 3-ஐ நான் இப்படித்தான் மாற்றினேன். பருவ முடிவில் அவளுக்கு வந்தது 8. வகுப்பு முன் பேசியதற்கான அந்த இரண்டு அவளுக்கு மூன்றாம் பருவத்திலும் வரவில்லை.

எமிஸில் ஏற்றுவதைக் காலை ஒன்பது மணிக்கு முன் வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் எல்லோரும் ஏறுவார்கள், சுற்றிக்கொண்டே இருக்கும். ஏற்றியபின் திரையைப் படம் எடுத்து வையுங்கள்.

சீட்டுகளைக் கல்வியாண்டு முடியும்வரை தூக்கிப் போடாதீர்கள். பெற்றோர் கேட்டாலும் அலுவலர் கேட்டாலும் அதுதான் சாட்சி. ஐப்பசி பிறப்பதற்குள் பிளாஸ்டிக் கவரில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். நான் முதல் வருடம் வெறும் டப்பாவோடு ஜன்னலோரம் வைத்திருந்தேன். ஒரே மழையில் அத்தனையும் கஞ்சிப்பாசி மாதிரி ஊறிப்போய், பிரித்தெடுக்க முடியாமல் அள்ளிக் கொட்டினேன்.